ஆற்றில் படகுப் பயணம்: கரையிலிருந்து தொடங்கும் திட்டம்

ஆற்றில் படகு ஓட்டுவதில் பெரிய சிரமம் இல்லை, நிறுத்துவதில்தான் இருக்கிறது. நடு ஓட்டத்தில் போகிறவரை தண்ணீரும் படகும் சேர்ந்தே நகர்கின்றன. படகு கரையைத் தொட்டதும் ஒன்று நின்றுவிடுகிறது, மற்றது ஓடிக்கொண்டே இருக்கிறது. கயிறு அறுந்து தெறிப்பது, படகுக்கும் கரைக்கும் நடுவில் கால் நசுங்குவது, படகு குறுக்கே திரும்பித் தண்ணீர் மொள்வது எல்லாம் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கும். அதனால் இந்த வழிகாட்டி திட்டத்தைக் கரையிலிருந்து தொடங்குகிறது. எங்கே நிற்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கே எப்படிப் போவது என்று அடுத்துப் பார்க்கலாம்.

கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பது 5 முதல் 7 மீட்டர் நீளமுள்ள, அவுட்போர்டு எஞ்சின் (பின்பலகைக்கு வெளியே மாட்டுவது) பொருத்திய, 2 முதல் 4 பேர் போகக்கூடிய படகு. பயணம் சில நாள் நீளும், ஓட்டம் பகலில் மட்டும்.

ஆற்றில் இடம் சொல்வது எப்படி

இடது கரை, வலது கரை என்பதெல்லாம் தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்பவருக்கு. நீங்கள் எதிரோட்டத்தில் ஏறிக்கொண்டிருந்தாலும் இது மாறாது. வானொலியில் உதவி கேட்கும்போது "என் வலப்பக்கக் கரை" என்று சொன்னால் தேடி வருபவர் எதிர்க்கரைக்குப் போய்விடுவார்.

கப்பல் போகும் ஆறுகளில் கரையோரம் கிலோமீட்டர் பலகைகள் இருக்கும். அவை எங்கிருந்து தொடங்குகின்றன என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ரைன் ஆற்றில் கான்ஸ்டன்ஸ் பாலத்தில் 0 தொடங்கி, கீழே போகப்போக எண் கூடும். டான்யூபில் கருங்கடலோரச் சுலினாவில் 0, அங்கிருந்து மேலே ஏற ஏற எண் கூடும். பலகை எண்ணை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தோடு சேர்த்துக் குறித்து வந்தால் உண்மையான வேகம் தெரியும், வழி தவறவும் வாய்ப்பில்லை. ஜி.பி.எஸ். இருந்தாலும் இந்தப் பழக்கத்தை விட வேண்டாம். கைபேசி நனைந்துவிட்டால் பிறகு நோட்டுப்புத்தகம்தான் துணை.

மிதவைகளின் நிறம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழிகளில் ஓட்டத்தோடு இறங்கும்போது சிவப்பு வலப்புறம், பச்சை இடப்புறம். அமெரிக்காவில் நேர்மாறு: மிசிசிப்பியில் இறங்கும்போது சிவப்பு இடப்புறம் வரும். ஓரிடத்தில் பழகிய கை இன்னோரிடத்தில் அதே பழக்கத்தில் திரும்பினால் படகு நேராக மணல்திட்டில் ஏறும்.

அளவுகோல் எண்ணும் உண்மையான ஆழமும்

கரையில் உள்ள நீர்மட்ட அளவுகோல் 1 மீட்டர் காட்டினால் ஆற்றில் 1 மீட்டர் ஆழம் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. யாரோ ஒருகாலத்தில் நட்ட ஒரு பூஜ்யத்திலிருந்து எவ்வளவு மேலே தண்ணீர் நிற்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. ரைனில் உள்ள காவுப் அளவுகோல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே சுமார் 78 செ.மீ. காட்டும்போது கப்பல் தடத்தில் கிடைக்கும் ஆழம் சுமார் 1.90 மீட்டர். 2018 அக்டோபரில் அந்த அளவுகோல் 25 செ.மீ. வரை இறங்கியது. அப்போதும் தடத்தில் 1.3 மீட்டருக்கு மேல் தண்ணீர் இருந்தது. சிறுபடகுக்கு அது தாராளம், சரக்குக் கப்பல்களுக்குப் போதாது.

எனவே உங்கள் பாதையில் உள்ள ஒவ்வொரு அளவுகோலுக்கும் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த அளவில் எவ்வளவு ஆழம் கிடைக்கும், எந்த அளவைத் தாண்டினால் போக்குவரத்தை நிறுத்துவார்கள். புறப்படுவதற்கு முந்தைய 5 நாள் அளவுகளையும் பாருங்கள். இன்றைய மட்டத்தைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். ஏறும் ஆறு மரக்கட்டைகளையும் வேரோடு பெயர்ந்த மரங்களையும் கரையிலிருந்து வாரிக்கொண்டு வரும். வடியும் ஆற்றில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் இரவில் கட்டிய படகைக் காலையில் மண்ணில் உட்காரவைத்துவிடும்.

பாலத்தின் உயரமும் நீர்மட்டத்தோடு மாறும். வரைபடத்தில் உள்ள உயரம் ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கணக்கிட்டது. தண்ணீர் 1 மீட்டர் ஏறினால் பாலத்துக்கடியில் இடம் 1 மீட்டர் குறையும். படகின் மிக உயரமான புள்ளி தண்ணீருக்கு மேல் எவ்வளவு என்று ஆன்டெனாவையும் சேர்த்து அளந்து, ஓட்டுபவரின் கண்ணெதிரே எழுதி ஒட்டிவிடுங்கள். கரைக்குக் கரை போகும் மின்கம்பிகளுக்கும் இதே கணக்குதான்.

எரிபொருளுக்கு மணிக்கணக்கு

படகின் வேகம் தண்ணீரைப் பொறுத்தது, பயணம் கரையைப் பொறுத்தது. மணிக்கு 8 கி.மீ. போகும் படகு, 3 கி.மீ. ஓட்டத்தோடு போனால் 11 கி.மீ., எதிர்த்துப் போனால் 5 கி.மீ. 40 கி.மீ. தூரத்தை இறங்க சுமார் 3 மணி 40 நிமிடம், ஏற 8 மணி நேரம். மணிக்கு 4 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு இறங்க 14.5 லிட்டர், ஏற 32 லிட்டர், ஆக 46.5 லிட்டர். எடுத்துச்செல்லும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கையிருப்பாகவே மிஞ்ச வேண்டும் என்பது பழகியவர்களின் விதி. அதன்படி 70 லிட்டர் வேண்டும். ஓட்டம் மணிக்கு 3 கி.மீட்டரிலிருந்து 5 ஆகிவிட்டால் ஏறும் வேகம் 3 கி.மீ.தான், 8 மணி நேரப் பயணம் 13 மணியைத் தாண்டும். மழைக்குப் பிறகு எரிபொருள் தீர்ந்து நடுவழியில் நிற்பவர்கள் சிக்குவது இந்தக் கணக்கில்தான்.

அவசரத்துக்கு எஞ்சினை முடுக்கிச் சரிக்கட்டலாம் என்றால், தண்ணீரைக் கிழித்துச் செல்லும் வகைப் படகுகளுக்கு ஓர் எல்லை உண்டு. நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை 4.5 ஆல் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ அதன் உச்ச வேகம். 6 மீட்டருக்கு அது மணிக்கு 11 கி.மீ. அதற்கு மேல் முடுக்கினால் அலையும் எரிபொருள் செலவும் மட்டுமே கூடும்.

ஓட்டத்தின் வேகம் அறிய வழி எளிது. கட்டிய படகின் முன்முனையில் ஒரு குச்சியைப் போட்டு, அது பின்முனையைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். 6 மீட்டரை 6 விநாடியில் கடந்தால் விநாடிக்கு 1 மீட்டர், அதாவது மணிக்கு 3.6 கி.மீ. ஆனால் கரையோரம் ஓட்டம் மெதுவாக இருக்கும், நடுவில் இதைவிட அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நைல் ஆறு ஒரு விசேஷம். ஓட்டம் வடக்கே போகிறது, பெரும்பாலான நாட்களில் காற்று வடக்கிலிருந்து வீசுகிறது. பாய் விரித்தால் மேலே ஏறலாம், பாயைச் சுருட்டினால் கீழே இறங்கலாம். மற்ற ஆறுகளில் இந்தச் சலுகை கிடைப்பது அபூர்வம். காற்றும் ஓட்டமும் எதிரெதிராக மோதும்போது அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அகலமான நேர்ப்பகுதியில் திறந்த படகுக்கு அது ஆபத்து. காற்று பொதுவாகப் பிற்பகலில் வலுக்கும், ஆகவே அத்தகைய பகுதிகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்.

நிற்கும் இடங்களைத் தேர்வது

ஒவ்வொரு நாளுக்கும் மூன்று இடங்களைக் குறியுங்கள்: போய்ச் சேர வேண்டிய இடம், அதற்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு தூரம் முன்னால் ஓர் இடம், அதைத் தாண்டி இன்னோர் இடம். நாளுக்கு ஓட்டம் 5 அல்லது 6 மணி நேரம் போதும். சூரியன் மறைய 2 மணி நேரம் இருக்கும்போதே கரையில் இருக்க வேண்டும். இருட்டில் ஆழத்தையும் கிளைகளையும் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் கண்ணில் படும் முதல் இடத்தில் படகைக் கட்டிவிடுவோம், அது பெரும்பாலும் மோசமான இடமாகத்தான் இருக்கும்.

நல்ல இடம் எப்படி இருக்கும்? வளைவின் உட்புறக் கரையிலோ, ஒரு தீவின் கீழ்முனைக்குப் பின்னாலோ, துணையாறு சேரும் வாயிலிலிருந்து சற்று உள்ளே தள்ளியோ இருக்கும். அங்கே ஓட்டம் தளர்ந்திருக்கும். வளைவின் வெளிப்புறக் கரை ஆழமானது, படகு நேராகப் போய் அணையும். ஆனால் ஓட்டம் அங்கேதான் மிகவும் பலம், கரையையும் அரித்துக்கொண்டே இருக்கும். செங்குத்தான மண் சுவர், மேலிருந்து சாய்ந்து தொங்கும் மரம், வேர்கள் வெளியே தெரியும் கரை ஆகியவற்றுக்குக் கீழே மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காதீர்கள்.

துணையாற்றின் வாய் வசதியானது, ஆனால் அங்கே வண்டல் படிந்து திட்டு உருவாகியிருக்கும். கழியால் ஆழம் பார்த்தபடி, மெதுவாக, ஓட்டத்தை எதிர்த்து நுழையுங்கள். எதிரோட்டத்தில் தட்டினால் தண்ணீரே படகைப் பின்னால் தள்ளி விடுவிக்கும், ஓட்டத்தோடு போய்த் தட்டினால் இன்னும் மேலே ஏற்றும். தெரியாத கிளைக் கால்வாய்களுக்கும் இதுவே வழி.

கரை யாருடையது என்பதையும் பார்த்தாக வேண்டும். நீரில் போக உரிமை இருப்பதால் கரையில் இறங்கவும் உரிமை உண்டு என்று எல்லா நாட்டிலும் சொல்ல முடியாது. சில இடங்களில் பறவைகள் முட்டையிடும் மாதங்களில் மணல்திட்டில் கால்வைக்கவே தடை இருக்கும்.

ஆறு கடலை நெருங்கும் பகுதியில் இன்னொன்றும் சேரும். கடலின் ஓதம் ஏறும்போது ஆற்றின் ஓட்டம் நின்று, திசையே மாறலாம். லண்டனுக்கு மேலே டெடிங்டன் வரை தேம்ஸ் இப்படித்தான். அமேசானில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 800 கி.மீ. உள்ளே, ஓபிடோஸ் வரை உணரப்படுகிறது. அங்கெல்லாம் ஓதத்தின் நேர அட்டவணை இல்லாமல் நிற்கும் இடத்தைத் தீர்மானிக்க முடியாது.

படகில் இருக்க வேண்டியவை

எல்லாவற்றையும் பட்டியலிட்டால் படகு மூழ்கிவிடும். கைவிடக் கூடாதவை மட்டும். 15 மீட்டர் கயிறு நான்கு, 30 மீட்டர் கயிறு ஒன்று. நங்கூரம் இரண்டு: மணலுக்கும் சேற்றுக்கும் தட்டை அலகு கொண்டது ஒன்று, பாறைக்கும் வேருக்கும் கொக்கி வகை ஒன்று. நங்கூரத்தோடு சேரும் சங்கிலி குறைந்தது படகின் நீளம் இருக்கட்டும். 60 செ.மீ. இரும்பு முளை மூன்று, சுத்தியல், ஃபெண்டர் (படகின் பக்கவாட்டில் தொங்கவிடும் முட்டுமெத்தை) நான்கு, அளவு குறித்த 3 மீட்டர் கழி, துடுப்பு இரண்டு, உறையில்லாமல் எடுக்கக்கூடிய இடத்தில் கத்தி. எஞ்சினுக்கு உபரி புரொப்பல்லர், ஷியர் பின் (புரொப்பல்லர் மோதினால் தான் உடைந்து எஞ்சினைக் காக்கும் ஆணி), ஸ்பார்க் பிளக், நீர்ப்பம்பின் இம்பெல்லர் (நீரை உந்தும் சுழல் சக்கரம்), எரிபொருள் வடிகட்டி.

லைஃப் ஜாக்கெட்டை மடித்து இருக்கைக்கடியில் வைப்பதும் வீட்டில் வைத்துவிட்டு வருவதும் ஒன்றுதான். ஆற்றுக்கு 100 நியூட்டன் மிதப்பு விசை உள்ளது போதும், பாரமான உடை அணிபவர்களுக்கு 150. படகு கரையில் கட்டியிருக்கும்போதும் போட்டிருங்கள், ஏனென்றால் விழுவது பெரும்பாலும் ஏறி இறங்கும்போதுதான்.

தண்ணீரைப் படிப்பது

கலங்கிய ஆற்றில் அடி தெரியாது, ஆனால் மேற்பரப்பைப் பார்த்தே அடியில் இருப்பதை ஊகிக்கலாம். இறங்கும்போது எதிரே ஆங்கில 'V' வடிவில், கூர்முனை உங்களை விட்டு விலகிக் கீழ்நோக்கி இருக்குமாறு வழவழப்பான நாக்கு தெரிந்தால் அது வழி. கூர்முனை உங்களை நோக்கி மேல்திசையில் இருந்தால் அந்த முனையில் பாறையோ கட்டையோ இருக்கிறது. அகலமான பரப்பில் ஓரிடத்தில் மட்டும் சின்னச் சின்ன அலைகள் நடுங்கினால் அங்கே ஆழம் குறைவு. தண்ணீர் கொதிப்பதுபோல் கீழிருந்து மேலே புரண்டு வந்தால் அடியில் பெரிய தடை உண்டு, ஆனால் பொதுவாக ஆழமும் உண்டு.

விழுந்து கிடக்கும் மரத்தின் கிளைகள் தண்ணீரை விடும், படகையும் ஆளையும் விடா. அதன் மேல்புறத்தில் மாட்டிக்கொண்டால் ஓட்டத்தின் மொத்தப் பாரமும் உங்கள்மேல்தான். அத்தகைய கரையிலிருந்து குறைந்தது மூன்று படகு நீளம் விலகிப் போங்கள்.

குறுக்கணைதான் எல்லாவற்றிலும் மோசம். மேலிருந்து பார்த்தால் ஆறு ஒரு நேர்க்கோட்டில் முடிந்து, அதற்கப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரியும். உயரம் 1 மீட்டர்தான் இருக்கும். அதன் அடியில் தண்ணீர் பின்னோக்கிச் சுழன்று, விழுந்தவரை வெளியே விடாமல் மீண்டும் மீண்டும் அணையடிக்கே இழுக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டவர்களும் அங்கே இறந்திருக்கிறார்கள். உங்கள் பாதையில் உள்ள ஒவ்வோர் அணையையும் கிலோமீட்டர் எண்ணோடு குறித்து, 1 கி.மீ. முன்பே எந்தக் கரையில் ஒதுங்குவது என்று தீர்மானித்துவிடுங்கள்.

கம்பியில் ஓடும் பரிசல் துறைகளும் உண்டு. கம்பி சில இடங்களில் தண்ணீருக்கு மேலே தொங்கும், சில இடங்களில் பரப்புக்குச் சற்றுக் கீழே இருக்கும். பரிசல் கரை சேர்ந்து, கம்பி தளரும்வரை காத்திருங்கள்.

சரக்குக் கப்பல்களுக்கு ஒதுங்குதல்

மேல் மிசிசிப்பியில் ஒரே இழுவைக் கப்பல் 15 பார்ஜுகளை (எஞ்சின் இல்லாத தட்டையான சரக்குப் படகுகள்) தள்ளிக்கொண்டு வரும். பார்ஜு வரிசையின் நீளம் மட்டும் சுமார் 300 மீட்டர். அது நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகலாம். முன்னால் சில நூறு மீட்டருக்கு ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. வளைவில் அதன் பின்பகுதி வெளிப்பக்கம் வழுக்கிக்கொண்டே வரும், எனவே உட்புறம் ஆழம் இருந்தால் அங்கே ஒதுங்குங்கள், ஆனால் கப்பல் தடத்துக்குள் நிற்காதீர்கள். ஐரோப்பிய ஆறுகளில் எதிரே வரும் கப்பல் வலப்புறம் நீலப் பலகையும் மினுக்கும் வெள்ளை விளக்கும் காட்டினால், வழக்கத்துக்கு மாறாக வலப்புறத்தோடு வலப்புறம் கடக்கிறது என்று பொருள்.

ஒலி சமிக்ஞை மூன்றை நினைவில் வையுங்கள்: ஒரு குறுகிய ஊதல், வலப்புறம் திரும்புகிறேன், இரண்டு, இடப்புறம், மூன்று, எஞ்சினைப் பின்னோக்கி இயக்குகிறேன். விஎச்எஃப் வானொலியில் ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழிகளில் கப்பலோடு பேச 10ஆம் சேனல், அமெரிக்காவில் 13.

லாக்கில் ஏறுதலும் இறங்குதலும்

மெயின்–டான்யூப் கால்வாய் 1992இல் முடிந்தது. 171 கி.மீ. நீளத்தில் 16 லாக்குகள் (இரு மதகுகளுக்கு நடுவில் நீரை ஏற்றி இறக்கிப் படகை வேறு மட்டத்துக்குக் கொண்டுபோகும் தொட்டிகள்), உச்சப்பகுதி கடல்மட்டத்திலிருந்து 406 மீட்டர். அவற்றில் மூன்று லாக்குகள் ஒவ்வொன்றும் படகை 24.67 மீட்டர் தூக்கி இறக்குகின்றன. அவ்வளவு உயரத்திலும் சிறுபடகு செய்ய வேண்டியது சின்ன லாக்கில் செய்வதேதான்.

சரக்குக் கப்பல் முதலில் நுழையும். அதன் புரொப்பல்லர் நின்ற பிறகே நீங்கள் உள்ளே போங்கள். இரு பக்கமும் ஃபெண்டர் தொங்கட்டும். கயிற்றைக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையைக் கையில் பிடித்திருங்கள். ஒருபோதும் முடிச்சுப் போடாதீர்கள். தண்ணீர் இறங்கும்போது கட்டிய கயிறு படகைச் சுவரில் தொங்கவிட்டுக் கவிழ்த்துவிடும். மிதக்கும் கம்பங்கள் உள்ள இடத்திலும் கை கயிற்றிலேயே இருக்கட்டும், அவை எப்போதாவது நடுவில் சிக்கி நின்றுவிடும். அப்போதுதான் கத்தி வேண்டும். ஏறும்போது முன்பக்க மதகிலிருந்து தண்ணீர் சுழன்று வரும், அதனால் பின்னால் தள்ளி நில்லுங்கள். இறங்கும்போது மேல் மதகின் அடியில் ஒரு படி நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் வரைந்த கோட்டுக்குப் பின்னால் உங்கள் பின்முனை இருந்தால், தண்ணீர் வடியும்போது அது அந்தப் படியில் உட்கார்ந்துவிடும், முன்முனை மட்டும் கீழே போகும்.

கரை அணைதல்

எல்லாமே ஒரு விதியிலிருந்து வருகிறது: முன்முனை எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து இருக்க வேண்டும்.

1. இடத்தை 50 மீட்டர் தள்ளி ஒருமுறை கடந்து போய்ப் பாருங்கள். கிளை, கல், ஓட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, படகைக் கட்ட என்ன இருக்கிறது என்பதெல்லாம் இப்போதே தெரிந்துவிட வேண்டும்.

2. ஃபெண்டரை இறக்குங்கள். முன்கயிறு கைப்பிடிக்கம்பிக்கு வெளிப்புறமாக வந்து, சுருள் சிக்கில்லாமல் கையில் இருக்கட்டும். யார் இறங்குவது, யார் எஞ்சினில் இருப்பது என்று இப்போதே பேசி முடியுங்கள். அணையும் நேரத்தில் கத்திக்கொள்ள வேண்டாம்.

3. இடத்தைத் தாண்டிக் கீழே போய், அகலமான இடத்தில் திரும்பி மேலே வாருங்கள். திரும்ப 20 விநாடி ஆகும் என்றால், மணிக்கு 5 கி.மீ. ஓட்டம் அதற்குள் உங்களைச் சுமார் 28 மீட்டர் கீழே கொண்டுபோயிருக்கும். அந்த இடம் காலியாக இருக்க வேண்டும்.

4. இடத்துக்கு நேரே, கரையிலிருந்து 10 மீட்டர் தள்ளி, எஞ்சினை ஓட்டத்துக்குச் சமமாக வைத்து நில்லுங்கள். கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கம்பத்தையும் ஒரே கோட்டில் பிடியுங்கள். அவை விலகாவிட்டால் நீங்கள் நிற்கிறீர்கள். ஓட்டத்தை எதிர்த்து வருவதன் முழுப் பயனும் இங்கேதான் கிடைக்கிறது. யோசிக்க நேரம் இருக்கிறது.

5. முன்முனையைக் கரைப்பக்கம் 20 பாகை சாயுங்கள். படகு முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் பக்கவாட்டில் வழுக்கிக் கரைக்கு வரும். 30 பாகையைத் தாண்டினால் ஓட்டம் பக்கவாட்டைப் பிடித்துக் கீழே தள்ளும். அப்படி நடந்தால் வலிந்து சரிசெய்யாமல் விலகி, மூன்றாம் படியிலிருந்து மீண்டும் வாருங்கள்.

6. தொடுவதற்குச் சற்று முன் நேராக்குங்கள். கயிற்றோடு இறங்குபவர் கால்வைத்து இறங்க வேண்டும், குதிக்கக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. காலையோ கையையோ வைத்துப் படகை நிறுத்த முயன்றால் எலும்பு முறியும். அந்த வேலை ஃபெண்டருடையது.

7. முன்கயிறுதான் முதலில், படகுக்கு மேல்திசையில் உள்ள ஏதாவது ஒன்றில். கட்டியதும் எஞ்சினைத் தளர்த்துங்கள், படகு தானாகப் பின்னே சரிந்து கயிற்றில் தொங்கும். அதன்பின் பின்கயிறு. எஞ்சினை அணைப்பது கடைசி வேலை.

பின்கயிற்றை முதலில் கட்டினால் என்ன ஆகும்? ஓட்டம் முன்முனையைக் கரையிலிருந்து பிடுங்கி வெளியே சுழற்றும். படகு அரைவட்டம் திரும்பிப் பின்முனையால் தொங்கும். எஞ்சின் பொருத்திய தாழ்வான பின்பலகை இப்போது ஓட்டத்தை எதிர்த்து நிற்கிறது. சில விநாடிகளில் தண்ணீர் உள்ளே. ஓட்டமுள்ள ஆற்றில் பின்முனையிலிருந்து நங்கூரம் போடக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

ஓட்டத்தைவிடக் காற்று பலமாக இருந்தால் காற்றை எதிர்த்து வாருங்கள். எது பலம் என்று சந்தேகம் வந்தால் எஞ்சினை நடுநிலையில் வைத்து, படகு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

கிளம்புவது தலைகீழ் வரிசை. எஞ்சின் ஓடி, குளிர்விக்கும் நீர் பீய்ச்சுவதைப் பார்த்த பிறகே பின்கயிற்றை அவிழுங்கள். முன்முனையைக் கழியால் தள்ளினால் ஓட்டம் அதை வெளியே திறக்கும்.

இரவுக்குக் கட்டுதல்

முளைகளைக் கரையின் விளிம்பிலிருந்து குறைந்தது 1 மீட்டர் உள்ளே, தலை படகிலிருந்து விலகிச் சாயும்படி 45 பாகையில் அடியுங்கள். தலையில் ஒரு வெள்ளைத் துணி கட்டுங்கள், இரவில் முதலில் தடுக்கி விழப்போவது நீங்கள்தான்.

கயிறுகளை நீளமாகவும் தாழ்வான கோணத்திலும் கட்டினால் நீர்மட்டம் 30 அல்லது 40 செ.மீ. மாறினாலும் தாங்கும். குட்டையாக இறுக்கிக் கட்டினால் ஏறும்போது முளை பிடுங்கும், வடியும்போது படகு சாயும். கரைக்கும் படகுக்கும் நடுவில் கழியை முட்டுக்கொடுத்து 1 மீட்டர் இடைவெளி வையுங்கள்.

படுக்கும் முன் தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியை நடுங்கள். 3 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பாருங்கள். மேலே அணை இருந்தால், உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிந்தாலும் தண்ணீர் ஏறலாம்.

கப்பல் கடக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். அது நெருங்கும்போதே கரையோரத் தண்ணீர் நடு ஆற்றை நோக்கி உறிஞ்சப்பட்டு வடியும். படகு தரைதட்டி ஒரு பக்கம் சாயும். ஆற்றின் அடிச்சேறு பளபளவென்று தெரியும். பிறகு அதே தண்ணீர் பக்கவாட்டில் ஓங்கி அடித்துத் திரும்பி வரும். வடியும்போது "இறங்கித் தள்ளலாம்" என்று யாரும் நடுவில் போகக் கூடாது. திரும்பி வரும் அலை ஆளைப் படகுக்கடியில் தள்ளும்.

நங்கூரத்தில் நிற்பதானால் ஆழத்தோடு முன்முனையின் உயரத்தைக் கூட்டி 7 ஆல் பெருக்குங்கள். 3 மீட்டர் ஆழம், 1 மீட்டர் உயரம் என்றால் 28 மீட்டர் கயிறு. கட்டைகள் நிறைந்த அடியில் நங்கூரத்தின் தலைப்பகுதியில் மிதவையோடு இன்னொரு மெல்லிய கயிறு கட்டிவிடுங்கள். சிக்கினால் அதைப் பிடித்துப் பின்பக்கமாக உருவலாம்.

கரையில்

மணல்திட்டில் கூடாரம் போடுவதானால் காய்ந்த குப்பைக் கோட்டைத் தேடுங்கள். கடைசி ஏற்றம் விட்டுச்சென்ற சருகும் குச்சியும் அது. கூடாரம் அதற்கு மேலே இருக்க வேண்டும், அதோடு தண்ணீர் ஏறினால் நடந்தே வெளியேற வழி இருக்க வேண்டும். தீவின் உச்சியில் உயரமாக இருந்துவிட்டு, பின்பக்கக் கிளையாறு நிறைந்து சிறைப்படுவது அடிக்கடி நடப்பது. திட்டின் விளிம்பு செங்குத்தாக வெட்டுண்டிருந்தால் அங்கே நிற்காதீர்கள், அடி மணல் ஏற்கெனவே போயிருக்கும்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர். கலங்கல் நீரை இரவு முழுவதும் தெளியவிட்டு, மேலாக இறுத்து வடிகட்டி, 1 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள்; 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் 3 நிமிடம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆலைக் கழிவும் பூச்சிமருந்தும் போகா. நகரங்களுக்கும் வயல்களுக்கும் கீழே உள்ள ஆறென்றால் குடிநீரைச் சுமந்தே போக வேண்டும். மலம் கழிக்கத் தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. குழி.

காலையில் பனிமூட்டம் இருந்தால் அது விலகும்வரை கிளம்ப வேண்டாம். பெரும்பாலும் வெயில் ஏறிய 2, 3 மணி நேரத்தில் விலகிவிடும்.

தவறும்போது

*தரைதட்டினால்:* எஞ்சினை உடனே நிறுத்தித் தூக்குங்கள். முடுக்கினால் மணல் உறிஞ்சப்பட்டு இம்பெல்லர் போகும். எல்லோரும் ஆழமான பக்கத்துக்கு நகர்ந்து, கழியால் வந்த வழியே தள்ளுங்கள். இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கழியால் அடியைக் குத்திப் பார்த்து, படகின் மேல்திசையில் நில்லுங்கள். கீழ்த்திசையில் நின்றால் விடுபடும் படகு உங்கள்மேல் ஏறும்.

*புரொப்பல்லரில் கயிறு சுற்றினால்:* முதலில் நங்கூரம், பிறகு எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கழற்றுவது, அதன்பின் கத்தி. நங்கூரத்தை மறந்துவிட்டுக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தால் படகு அடுத்த பாலத்தூணுக்குப் போய்ச் சேரும்.

*எஞ்சின் சூடேறினால்:* குளிர்விக்கும் நீரின் பீய்ச்சல் நின்றிருக்கும். பாசியோ பிளாஸ்டிக் பையோ உறிஞ்சும் துளையை அடைத்திருப்பது பத்தில் ஒன்பது முறை காரணம்.

*ஆள் விழுந்தால்:* கத்திச் சொல்லுங்கள், ஒருவர் விழுந்தவரைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. விழுந்தவர் இருக்கும் பக்கம் சுக்கானைத் திருப்பிப் பின்முனையை விலக்குங்கள். அவருக்குக் கீழே போய்த் திரும்பி, ஓட்டத்தை எதிர்த்து வந்து, நெருங்கியதும் எஞ்சினை அணையுங்கள். விழுந்தவர் ஆழம் குறைந்த ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலக் கூடாது. கால் கல்லிடுக்கில் மாட்டினால் ஓட்டம் முகத்தைத் தண்ணீருக்குள் மடக்கிவிடும். மல்லாந்து, பாதம் கீழ்த்திசையில் தெரியும்படி மிதந்து, கரையை நோக்கிக் கைகளால் துழாவ வேண்டும். குளிர்ந்த நீரில் முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும், அதன்பின் கைவிரல்கள் வேலை செய்வது சுமார் 10 நிமிடம்தான். அதற்குள் கயிறு அவர் கையில் இருக்க வேண்டும்.

படகை வெளியே எடுத்த பிறகு

அடுத்து வேறோர் ஆற்றுக்குப் போவதானால் அடிப்பகுதி, நங்கூரம், கயிறு எல்லாவற்றிலும் ஒட்டிய பாசியையும் சேற்றையும் கழுவுங்கள். படகின் அடியில் தேங்கிய நீரையும் மீன் தொட்டியில் உள்ள நீரையும் அங்கேயே கரையில் வடித்துவிடுங்கள். குறைந்தது 5 நாள் வெயிலில் காயட்டும். புது ஆறுகளில் பரவிக் கேடு செய்யும் வரிக்குதிரைச் சிப்பியின் இளம்பருவம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாளி தண்ணீரிலேயே அடுத்த ஆற்றுக்குக் குடிபோய்விடும். சங்கிலிப் பெட்டியின் அடியைத்தான் எல்லோரும் மறப்பார்கள், அதைத் திறந்தே வையுங்கள்.